வாத்து வேட்டைக்கு வேடர்ஸ் வாங்கப் போறீங்களா? நம்ம நேட்டால் குளிருக்கு ஏத்த மாதிரி பாத்து வாங்குங்க

தென்னாப்பிரிக்காவுல குளிர்காலமான ஜூன் மாசம் வந்தா டர்பன்ல நம்மாளுங்க பாதிப் பேரு சார்டின் மீன் கூட்டம் எப்ப வரும்னு கடலையே பாத்துக்கிட்டு நிப்பாங்க, மீதி கொஞ்சப் பேரு பக்கியில, அதான் பிக்கப் வண்டியில, நெச வாத்த ஏமாத்தி எறக்குற டம்மி வாத்தையும் ஃபிளாஸ்க்ல டீயையும் ஏத்திக்கிட்டு மூய் ரிவர், அண்டர்பெர்க், காக்ஸ்டாட் பக்கம் யாராவது பண்ணைக்காரர் டேமுக்கு விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடுவாங்க. இது அந்த ரெண்டாவது கோஷ்டிக்கு. வேடர்ஸ்னா தெரியும்ல, கால்ல இருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே துண்டா வர்ற தண்ணி புகாத உடுப்பு, தோள்ல வார் போட்டு மாட்டிக்கிறது. கம்பூட் போட்டுக்கிட்டு முழங்கால் தண்ணி வரைக்கும் சமாளிக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல, அறுத்த சோளக் காட்டுல உக்காந்து எஜிப்ஷியன் கூஸ் சுடுறவங்களுக்கும் தேவையில்ல. நாணல் ஓரமா தண்ணிக்குள்ள நின்னு யெல்லோ பில் டக் அடிக்கிறவங்க, விழுந்த பறவைய எடுக்க நாய் இல்லாதவங்க, அவங்களுக்குத்தான் இது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நெட்ல தேடுனா வர்ற அட்வைஸ் முக்காவாசி அமெரிக்காவுல எழுதுனது, அங்க நவம்பர் டிசம்பர்ல ஐஸ உடைச்சு உள்ள எறங்கி மணிக்கணக்கா ஆடாம அசையாம நிக்கிறாங்க, அதனால கெட்டியான நியோப்ரீன் வாங்கு, பூட்ல 1600 கிராம் இன்சுலேஷன் வாங்குன்னு எழுதுவாங்க. கடலுக்கும் டிராக்கன்ஸ்பர்க் மலைக்கும் நடுவுல இருக்குற நம்ம மிட்லேண்ட்ஸ் குளிர் அந்தக் குளிர் கிடையாது. விடியக்காலையில புல்லு பூரா வெள்ளையா உறைஞ்சு கெடக்கும், மூக்கு நுனி மரத்துப் போகும், ஆனா பத்து பதினொரு மணிக்கு மேகமே இல்லாத வெயில் முதுகுல சுள்ளுன்னு அடிக்கும். ஒரே நாள்ல ரெண்டு சீசன். அதனால வேடர்ஸ்லயே சூட்டைத் தேடி காசு போடாதீங்க, வேடர்ஸ் தண்ணிய வெளிய நிறுத்துனா போதும் வேர்வைய வெளிய விட்டா போதும், சூட்டுக்கு உள்ள போடுற துணிய வச்சு ஏத்தி எறக்கிக்கலாம். இதுதான் நான் சொல்ல வர்றது, கீழ இருக்கறதெல்லாம் இதோட விளக்கம்தான்.

மெட்டீரியல்ல ஆரம்பிப்போம். ரப்பர், பிவிசி இதெல்லாம் விலை கம்மி, முள்ளு கம்பி வேலியக்கூட ஓரளவு தாங்கும், ஆனா வேர்வை ஒரு சொட்டு வெளிய போகாது, அரை மணி நேரம் நடந்தா உள்ள இருக்குற பேண்ட் பிழியற மாதிரி ஆயிடும். நியோப்ரீன் 3 மில்லிமீட்டர்ல இருந்து 5 மில்லிமீட்டர் வரைக்கும் வரும், டைவிங் சூட்ல இருக்குற அதே நுரை ரப்பர்தான், சூடா இருக்கும், இழுத்தா நீளும், ஆனா அதுவும் வேர்வைய விடாது. பிரீத்தபிள்னு சொல்றது வேற வகை, நைலான் இல்லன்னா பாலியெஸ்டர் துணிக்கு உள்பக்கம் ரொம்ப மெல்லிசா மெம்பிரேன்னு ஒரு சவ்வு ஒட்டியிருப்பாங்க, தண்ணி சொட்டு உள்ள வராது ஆனா உடம்புல இருந்து வர்ற ஆவி வெளிய போகும். கோர்டெக்ஸ் இதுல பேர் போனது, மத்த கம்பெனிங்களும் சொந்தமா ஒரு பேரு வச்சு இதே வேலைய செய்யறாங்க.

இந்த ஆவி எப்படி வெளிய போகுதுங்கறத புரிஞ்சிக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும். மெம்பிரேன்ல மோட்டார் எதுவும் இல்ல. உள்ள சூடா ஈரமா இருக்கு, வெளிய குளிரா காய்ஞ்சு இருக்கு, அந்த வித்தியாசம்தான் ஆவிய வெளிய தள்ளுது. இங்கதான் நமக்கு அதிர்ஷ்டம், மிட்லேண்ட்ஸ்ல மழை எல்லாம் கோடையில, வேட்டை சீசன்ல காத்து நல்லா காய்ஞ்சு குளிரா இருக்கும், பிரீத்தபிள் வேடர்ஸ் வேலை செய்யறதுக்கு இதைவிட நல்ல காத்து கெடைக்காது. அதையே பிப்ரவரி மாசம் டர்பன் கடற்கரைப் புழுக்கத்துல போட்டுக்கிட்டு மீன் பிடிக்கப் போனீங்கன்னா வெளியவும் ஈரம் உள்ளயும் ஈரம், எவ்வளவு விலை குடுத்து வாங்கியிருந்தாலும் ஊறித்தான் போவீங்க, அதுக்கு கடையத் திட்டி பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, நல்லா ஏத்தத்துல நடக்கும்போது உடம்பு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட வேர்க்கும், அவ்வளவையும் வெளிய தள்ளுற மெம்பிரேன் கெடையாது. அதனால பக்கிய நிறுத்துன இடத்துல இருந்து டேம் தூரமா இருந்தா வேடர்ஸ மடிச்சு தோள்ல போட்டுக்கிட்டு டாக்கீஸ்லயே, அதான் சாதா கேன்வாஸ் ஷூலயே நடங்க, தண்ணி ஓரத்துல போய் மாத்திக்கலாம். சோம்பேறித்தனம் பட்டா அட்லீஸ்ட் மேல் பாதிய இடுப்பு வரைக்கும் உருட்டி விட்டுக்கிட்டு நடங்க, அதுக்கு வசதியா வார் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கான்னு வாங்கும்போதே பாருங்க.

டேக்ல போட்டிருக்குற நம்பரைப் பாத்து மயங்காதீங்க. தண்ணி தாங்கறதுக்கு 10,000 மில்லிமீட்டர், 20,000, 30,000னு போடுவாங்க, துணி மேல எவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நின்னாலும் உள்ள வராதுங்கற கணக்கு அது. நெஞ்சளவு தண்ணில நின்னா பாதத்துகிட்ட இருக்குற அழுத்தம் சுமார் 1,200 மில்லிமீட்டர்தான், அதுக்கு 10,000 தாராளம், முட்டி போட்டு உக்காரும்போது அந்த இடத்துல மட்டும் எகிறும். வேர்வை விடுறதுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்துக்கு இத்தனை கிராம்னு இன்னொரு நம்பர் போடுவாங்க, அதை டெஸ்ட் பண்ற முறை பல விதம், துணிய வாய்ல மூடுன கப்ப நேரா வச்சு அளந்தா ஒரு நம்பர், கவுத்து வச்சு அளந்தா இன்னொரு நம்பர், அதனால ஒரு கம்பெனியோட 15,000த்த இன்னொரு கம்பெனியோட 20,000த்தோட ஒப்பிடவே முடியாது. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடல்ல எது மேலன்னு பாக்க மட்டும் உதவும். ஆர்இடின்னு ஒரு நம்பர் சிலதுல போட்டிருப்பாங்க, ஆவி போறதுக்கு துணி எவ்வளவு தடையா இருக்குங்கற கணக்கு, அது கம்மியா இருந்தா நல்லது, 6க்குக் கீழ இருந்தா அருமை.

நம்பரை விட லேயர் முக்கியம்னு நெனைக்கிறேன். 3 லேயர்ல இருந்து 5 லேயர் வரைக்கும் வருது. லேயர் கூடக்கூட முள்ளு தாங்கும், ஆனா வெயிட்டும் ஏறும், ஆவி போறதும் கொஞ்சம் கொறையும். நல்ல மாடல்ல மேல் பாதி 3 லேயராவும் தொடைக்குக் கீழ 4 இல்லன்னா 5 லேயராவும் இருக்கும், அதுதான் புத்திசாலித்தனம், ஏன்னா தண்ணிக்கு மேல இருக்குற பாகம்தான் ஆவிய அதிகமா வெளிய விடுது, முள்ளு குத்தறது கீழ் பாதியில. நம்ம வெல்ட் புல்வெளியில அகேசியா முள்ளு விரல் நீளத்துக்கு இருக்கும், போதாததுக்கு பண்ணைக்குப் பண்ணை முள்கம்பி வேலி, அதனால முட்டியிலயும் முட்டிக்குக் கீழ முன்பக்கமும் டபுள் துணி வச்சது இல்லாம வாங்காதீங்க. தையல் எங்க போகுதுன்னும் பாருங்க, தொடையோட உள்பக்கம் தையல் ஓடுனா நடக்கும்போது ஒண்ணோட ஒண்ணு ஒரசி முதல்ல அங்கதான் ஒழுக ஆரம்பிக்கும். வெளிப்பக்கமோ பின்பக்கமோ தையல் வச்ச மாடல் ரொம்ப நாள் வரும்.

அடுத்து பூட். இதுல ரெண்டு வகை. பூட்டும் வேடர்ஸும் சேந்தே வர்றது ஒண்ணு, அத பூட்ஃபுட்னு சொல்றாங்க. இன்னொண்ணு ஸ்டாக்கிங்ஃபுட், கால்ல நியோப்ரீன் சாக்ஸ் மாதிரி இருக்கும், பூட்ட நீங்க தனியா வாங்கிப் போடணும். ட்ரவுட் பிடிக்கிறவங்க ரெண்டாவதைத்தான் போடுவாங்க, டிராக்கன்ஸ்பர்க் ஓடையில உருண்டைக் கல்லு மேல கணுக்கால் இறுக்கமா இருந்தாத்தான் நடக்க முடியும். வாத்து வேட்டைக்கு டேம் ஓரம் பூரா சேறு, அதுல லேஸ் கட்டுன பூட்டுக்குள்ள சேறும் சரளையும் போய் அடைச்சுக்கிட்டு வெறுத்துப் போயிடும், விடியக்காலை இருட்டுல வெறைச்ச கையோட லேஸ் கட்டறதும் ஒரு கொடுமை. ஆகவே வேட்டைக்கு மட்டும்னா பூட்ஃபுட். ரெண்டுக்கும் ஒண்ணே போதும்னு நெனைச்சா ஸ்டாக்கிங்ஃபுட் வாங்கி பூட்ட ஒரு சைஸ் பெருசா எடுங்க. அடியில ஃபெல்ட், அதான் அழுத்துன கம்பளி மாதிரி துணி, வச்ச பூட் பாசிக் கல்லுல நல்லா பிடிக்கும், சேத்துல வழுக்கும், காயறதுக்கு ரொம்ப நேரம் எடுக்கும், ஒரு ஆத்துப் பாசியையும் பூச்சியையும் இன்னொரு ஆத்துக்குக் கொண்டு போயிடும்னு நியூசிலாந்துல 2008லயே தடை பண்ணிட்டாங்க. ரப்பர் அடியே நமக்கு சரி.

இன்சுலேஷன் கிராம் கணக்கு பூட்டோட வெயிட் கிடையாது, உள்ள வச்சிருக்குற தின்சுலேட் மாதிரி பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கறது. நமக்கு 600 போதும், 800ன்னா கூடவே. 1600 போட்டுக்கிட்டு பதினொரு மணி வெயில்ல திரும்பி நடந்தா கால் இட்லிக் குண்டான்ல வச்ச மாதிரி அவிஞ்சுடும். கால் குளுருதுன்னு ரெண்டு சாக்ஸ மாட்டி பூட்டுக்குள்ள திணிக்கிறவங்களைப் பாத்திருக்கேன், அது எதிர்மாறா வேலை செய்யும், இறுக்கத்துல ரத்த ஓட்டம் கொறஞ்சு இன்னும் சில்லுனு ஆகும். ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், விரலை ஆட்டறதுக்கு இடம், அவ்வளவுதான்.

நியோப்ரீன்காரங்க சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒத்துக்கறேன், ஆடாம ஒரே இடத்துல இடுப்பளவு தண்ணில நாலஞ்சு மணி நேரம் நிக்கிறவங்களுக்கு நியோப்ரீன்தான் சுகம், தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துடும். ஆனா நம்மாளுங்க எத்தனை பேரு அப்படி நிக்கறாங்க? டம்மி வைக்க எறங்குறோம், ஏறுறோம், அந்தப் பக்கம் நடக்குறோம், விழுந்தத எடுக்க மறுபடி எறங்குறோம், பத்து மணிக்கு கறி சுட பிராய் அடுப்பு மூட்டிடுறோம்.

உள்ள என்ன போடறீங்கங்கறதுல தான் பல பேரு காசை வீணாக்கறாங்க. ஆயிரக்கணக்குல ராண்ட் குடுத்து பிரீத்தபிள் வாங்கிட்டு உள்ள ஜீன்ஸும் பருத்தி பனியனும் போட்டா என்ன அர்த்தம்? பருத்தி வேர்வையக் குடிச்சு வச்சுக்கும், ஆவியா விடாது, உடம்போட ஒட்டி சில்லுன்னு இருக்கும். முதல் லேயர் பாலியெஸ்டர் இல்லன்னா மெரினோ கம்பளி, அதுக்கு மேல ஃபிளீஸ் பேண்ட், மேல ஒரு ஃபிளீஸ் ஜாக்கெட், வெயில் ஏறுனா ஜாக்கெட்ட கழட்டி பையில போட்டுடலாம். ஃபிளீஸ் பேண்டுக்கு கீழ பாதத்துல மாட்டுற பட்டி இருந்தா நல்லது, இல்லன்னா வேடர்ஸ் மாட்டும்போது சுருண்டு முட்டிக்கு ஏறிடும்.

சைஸ் விஷயத்துல ஆன்லைன் வேண்டாம்னே சொல்லுவேன், முடியலன்னா கடையில ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் எங்க வேணா வாங்குங்க. அமெரிக்க சைஸ் உயரமான ஆளுங்களுக்கு வெட்டுனது, நம்ம மாமாமாருக்கு கால் கொஞ்சம் குட்டை, தொப்பை கொஞ்சம் தாராளம், மீடியம் எடுத்தா வயிறு ஏறாது, லார்ஜ் எடுத்தா கணுக்கால்ல துணி மடிஞ்சு மடிஞ்சு நிக்கும், அந்த மடிப்புலதான் முதல்ல விரிசல் விடும். ஷார்ட், ஸ்டவுட், கிங்னு தனி வெட்டு வருது, அதைக் கேளுங்க. பொம்பளைங்களுக்கு தனி வெட்டு இருக்கு, அக்கா தங்கச்சிங்க ஆம்பளை ஸ்மால போட்டு சமாளிக்க வேண்டியதில்ல. அளவு எடுக்கும்போது உள்ள போடுற ஃபிளீஸ் எல்லாம் போட்டுக்கிட்டே எடுங்க, வயித்தோட அகலமான இடம், தொடை இடுக்குல இருந்து தரை வரைக்கும், பாத நீளம், இந்த மூணும் வேணும்.

போட்டுப் பாக்கும்போது கண்ணாடி முன்னாடி நின்னா போதாது. முழுசா குந்தி உக்காருங்க, பின்பக்கம் இழுத்தா சின்னது. ஒரு ஸ்டூல் மேல ஒரு காலைத் தூக்கி வையுங்க, பக்கி டெயில்கேட்ல ஏறுற மாதிரி, முட்டியில இறுக்கினா வேண்டாம். துப்பாக்கி தூக்குற மாதிரி ரெண்டு கையையும் ஏத்தி தோள்ல வையுங்க, வார் பக்கிள் தோள் குழியில இடிச்சா துப்பாக்கி மட்டை சரியா உக்காராது, இது மீன்பிடி வேடர்ஸ வேட்டைக்கு வாங்குறவங்களுக்கு வர்ற பிரச்சினை. தொடையோட தொடை ஒரசி நடந்து சத்தம் கேளுங்க, சரக் சரக்னு கத்துற நைலான் வாத்துக்கு முன்கூட்டியே தந்தி அடிச்சுடும். கலர்ல பச்சைக் காமோ அழகாத்தான் இருக்கும், ஆனா நம்ம சீசன்ல நாணலும் புல்லும் காய்ஞ்சு வைக்கோல் நெறம், பழுப்பு எடுங்க. முன்பக்கம் ஜிப் வச்சது கொஞ்சம் விலை கூட, வயசானவங்க, டீ நெறைய குடிக்கிறவங்க யோசிக்காம வாங்கலாம், ஆனா அந்த தண்ணி புகாத ஜிப்புக்கு அப்பப்ப கிரீஸ் போடணும், மணல் மாட்டுனா போச்சு.

பெல்ட். வேடர்ஸ் கூடவே ஒண்ணு வரும், அதைத் தூக்கி கராஜ்ல போட்டுடாதீங்க. இடுப்புல இறுக்கிக் கட்டியிருந்தா விழுந்தாலும் தண்ணி சட்டுனு உள்ள எறங்காது. வேடர்ஸ்ல தண்ணி நெறஞ்சா கல்லு மாதிரி அடிக்கு இழுத்துடும்னு சொல்றது பொய், தண்ணிக்குள்ள தண்ணிக்கு வெயிட் இல்ல, ஆனா காலை அசைக்கறதும் கரை ஏறுறதும் ரொம்ப கஷ்டம், பதட்டத்துலதான் ஆளு போறது. விழுந்தா மல்லாக்கப் படுத்து காலை முன்னாடி நீட்டி ஓட்டத்தோட போய் ஆழம் கொறஞ்ச இடத்துல எந்திரிங்க. எறங்குறதுக்கு முன்னாடி துப்பாக்கியில தோட்டாவ எடுத்துடணும்னு சொல்லத் தேவையில்ல, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் இருக்கு, அமெரிக்கா அட்வைஸ்ல இது வரவே வராது. பில்ஹார்சியாங்கற புழு நோய். கடலோரப் பக்கம், வெதுவெதுப்பான தாழ்வான இடத்து ஆறு குளம் டேம்ல நத்தையில இருந்து வெளிய வர்ற புழு தோலைத் துளைச்சு உள்ள போகும், வெயில் ஏறுன நேரத்துல, உச்சி வேளையிலதான் அதிகமா வெளிய வரும். டிராக்கன்ஸ்பர்க் உயரத்துக் குளிர்த் தண்ணில இந்தத் தொல்லை இல்ல. கீழ எறங்கி வேட்டைக்கோ மீனுக்கோ போனா ஒழுகாத வேடர்ஸ் நல்ல பாதுகாப்பு, ஆனா கைய மறந்துடுவோம், டம்மி வாத்தைத் தூக்கும்போது முழங்கை வரைக்கும் நனையும்ல, நீளமான ரப்பர் கையுறை ஒண்ணு வாங்கிக்குங்க. சந்தேகம் இருந்தா டாக்டரைப் பாத்து டெஸ்ட் எடுங்க, பிராசிகுவான்டல் மாத்திரையில சரியாகிடும். செயின்ட் லூசியா, ஜோசினி டேம் பக்கம் முதலையும் நீர்யானையும் இருக்கு, அங்க எந்த வேடர்ஸும் காப்பாத்தாது, எறங்காதீங்க.

லைசன்ஸ், சீசன் தேதி, ஒரு நாளைக்கு எத்தனை பறவைங்கறது மாகாணத்துக்கு மாகாணம் மாறும், குவாசுலு நேட்டால்ல வனவிலங்கப் பாத்துக்கற எசெம்வெலோ அமைப்புகிட்ட கேட்டு அந்த வருஷ நிலவரத்தைத் தெரிஞ்சுக்கிட்டு, பண்ணைக்காரர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கிக்கிட்டுப் போங்க.

வாங்கின பிறகு பாத்துக்கறது. துணியோட வெளிப்பக்கம் தண்ணி உருண்டு ஓடணும், அதுக்கு மேல ஒரு பூச்சு இருக்கும். அது போயிட்டா துணி தண்ணியக் குடிச்சு கனமாகி ஆவி போற வழிய அடைச்சுடும், ஒழுகுதுன்னு நெனைப்பீங்க ஆனா உள்ள இருக்கறது உங்க வேர்வை. அழுக்கும் பிராய் எண்ணெய்யும்தான் இந்தப் பூச்சுக்கு எதிரி, இப்ப வர்ற புது வகைப் பூச்சு எண்ணெய்ய தாங்காது, அதனால முன்ன விட அடிக்கடி துவைக்கணும். சாதா வாஷிங் பவுடரும் சாஃப்ட்னரும் வேண்டாம், டெக்னிகல் துணிக்குன்னு விக்கிற சோப்பு, லேபிள்ல என்ன சொல்லியிருக்கோ அது. அப்புறம் வெளிப்பக்கம் காயவச்சு, உள்ள திருப்பிப் போட்டு மறுபடி காயவச்சு, பூட்டைப் பிடிச்சு தலைகீழா தொங்க விடுங்க. நிழல்ல. டர்பன் ஈரக் காத்துல ஈரத்தோட சுருட்டி வச்சா ஒரு வாரத்துல பூஞ்சை நாத்தம், பக்கி பின்பக்கத்த மூடுற கேனப்பிக்குள்ள விட்டுட்டா வெயில் சூட்டுல தையல் மேல இருக்குற டேப் பசை விட்டுடும், ரெண்டும் கூடாது.

ஒழுக ஆரம்பிச்சா எங்கன்னு கண்டுபிடிக்க, உள்பக்கத்தை வெளிய திருப்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஸ்ப்ரே பண்ணுங்க, கோர்டெக்ஸ் மாதிரி மெம்பிரேன்ல ஓட்டை இருக்குற இடம் கருப்புப் புள்ளியா தெரியும். ஹீட்டர் கிட்ட வச்சு இத செய்யாதீங்க. மத்த மெட்டீரியலுக்கு இருட்டு ரூம்ல உள்ள டார்ச் விட்டுப் பாக்கலாம். அக்வாசீல் மாதிரி யூரித்தேன் பசைய ஓட்டையைச் சுத்தி கொஞ்சம் அகலமா தடவி ராத்திரி முழுக்க காய விடுங்க, சின்ன முள்ளு ஓட்டைக்கெல்லாம் இது போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்களுக்கு, வெளிப்பக்கத்துல ஒட்டுப் போட்டிருந்தா பரவாயில்ல, விலையக் கொறைக்க அது உதவும். உள்பக்கம் திருப்பி தையல் டேப்போட ஓரத்தை நகத்தால கீறிப் பாருங்க, தூக்கிக்கிட்டு வந்துச்சுன்னா ஃப்ரீயா குடுத்தாலும் வேண்டாம்.